காந்தாரமே ஏறாத காந்தார பஞ்சமமா?

வாசகர் கேள்வி, 2024 ஜனவரி 19

திருப்பாதிரிப்புலியூர்க் கோயிலில் ஓதுவார் 'சொற்றுணை வேதியன்' பதிகம் பாடக் கேட்டேன். பண் காந்தார பஞ்சமம், இன்றைய ராகம் கேதாரகௌளை என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். வீட்டுக்கு வந்து ஆரோகணத்தை, அதாவது ஏறும் சுர வரிசையை, பார்த்தால் ச ரி ம ப நி ச. காந்தாரத்தையே, அதாவது 'க' சுரத்தையே, காணோம். பெயரில் காந்தாரத்தைச் சுமக்கிற பண்ணுக்கு, ஏறும்போது காந்தாரத்தைக் கழற்றிவிடுகிற ராகம் எப்படிப் பொருந்தும்? எவரோ தவறாகச் சேர்த்ததைத்தான் எல்லோரும் திருப்பிச் சொல்கிறோமோ? இன்னொன்று: அன்று என் காதில் விழுந்தது சுரட்டி ராகம் மாதிரிதான் இருந்தது.

ஜனவரி 19, இரவு 10.50

கடை ஷட்டரை இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன், இது கண்ணில் பட்டது. இனி எங்கே தூங்குவது.

கேதாரகௌளையில் காந்தாரம் இல்லை என்று யார் சொன்னது? ஏறும்போது இல்லை, இறங்கும்போது இருக்கிறது: ச நி த ப ம க ரி ச. தைவதமும் (த) அப்படித்தான், போகும்போது கிடையாது, வரும்போது உண்டு. மாடிக்கு லிப்டில் போய்விட்டுப் படியில் இறங்கி வருகிறவர், இந்தக் கட்டடத்தில் படியே இல்லை என்று புகார் எழுதலாமா?

அப்பரைக் கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் தள்ளியபோது அவர் பாடிய பதிகம் அது. நம் ஊர்க் கடல். அவர் அதைக் கேதாரகௌளையில்தான் பாடினார். எவரோ தவறாகச் சேர்த்தார் என்று ஒரு வரியில் தள்ளிவிட முடியாது.

ஜனவரி 20, காலை 6.15

இரவு எழுதியதில் ஒரு வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். "அவர் அதைக் கேதாரகௌளையில்தான் பாடினார்." பல் துலக்கும்போதே உறுத்தியது. அப்பர் ஏழாம் நூற்றாண்டு. கேதாரகௌளையோ 1550-இல் ராமாமாத்யர் எழுதிய சுரமேளகலாநிதி என்ற இசை நூலில் ஒரு மேளமாக, அதாவது தாய் ராகமாக, நிற்கிறது. அதற்கு முன்பும் வழங்கியிருக்கலாம். ஆனால் அப்பர் காலம்வரை அதை இழுத்துக்கொண்டு போக என்னிடம் கயிறு இல்லை.

நான் எழுதியிருக்க வேண்டியது இது: அந்தப் பதிகத்துக்குத் திருமுறையில் குறித்திருக்கும் பண் காந்தார பஞ்சமம். அந்தப் பண்ணை இன்றைய ஓதுவார்கள் கேதாரகௌளையில் பாடுகிறார்கள். இரண்டையும் ஒட்டவைத்து ஒரே மூச்சில் சொன்னது என் அவசரம். இரவு பத்தரைக்கு மேல் எதையும் எழுதக் கூடாது என்று வீட்டில் ஒரு சட்டம் உண்டு.

ஜனவரி 20, பிற்பகல் 3

கடையில் ஆள் இல்லை. சுரட்டி பற்றிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரை நான் கேலி செய்ய முடியாது, காரணம் இருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன், புதுச்சேரியில் ஒரு கோயில் கச்சேரி. நானும் என் மனைவியும் போயிருந்தோம். தனி ஆவர்த்தனம் முடிந்தது, பெரிய கீர்த்தனையும் முடிந்தது. பாடகி மெதுவாக ஒரு ராகத்தை எடுத்தார். ரி ம ப நி என்று ஏறி, மேலே கொஞ்சம் நின்றார். நான் மனைவியிடம், "சுரட்டி. மங்களம் பாடப் போகிறார். கிளம்பினால் கூட்டத்துக்கு முன் பஸ் பிடிக்கலாம்" என்றேன். சுரட்டியை மங்களத்துக்குப் பாடுவது வழக்கம்தானே, அந்தத் துணிச்சல். செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அந்த வெற்றியில் கன்னியக்கோயில்வரை பேசிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் நண்பர் வந்து சொன்னார். அது கேதாரகௌளையாம். அதே பதிகத்தின் 'கற்றுணைப் பூட்டி' என்ற அடியைத் தாளம் இல்லாமல் விருத்தமாக எடுத்து, ஒவ்வொரு ராகமாக மாறி மாறி அரை மணி நேரத்துக்குமேல் பாடினாராம். அரங்கமே அசையவில்லையாம். அசைந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். இன்றுவரை வீட்டில் நான் எதையாவது உறுதியாகச் சொன்னால், "சுரட்டியா?" என்று ஒரு கேள்வி வரும். மாத்திரையின் காலாவதித் தேதியைச் சொன்னால்கூட.

அதனால் பிறகு கஷ்டப்பட்டுப் பிரித்துக் கேட்கக் கற்றுக்கொண்டேன். ஏறும் வழியை வைத்துப் பிரிக்கப் பார்க்காதீர்கள், அங்கே இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். இறங்கும்போது கீழ்ப்பாதியில் காதை வையுங்கள். கேதாரகௌளையில் ப ம க ரி என்று வரும்போது காந்தாரம் தன் பெயர் சொல்லிக்கொண்டு வந்து, ரிஷபத்தில் (ரி) போய் உட்காரும். அந்த ரிஷபத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம், வீட்டுத் திண்ணை மாதிரி. சுரட்டியில் காந்தாரம் முகம் காட்டாது. மத்தியமத்தின் (ம) முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கும்: ம க ப ம ரி. பாதிப் பேருக்கு அது மத்தியமமாகவே கேட்கும். ம க ரி ச என்று நேராக இறங்கினால் சுரட்டி கலைந்துவிடும்.

வாசலில் ஆள் நிற்கிறார். பிறகு.

ஜனவரி 20, இரவு 9.10

இதைச் சேர்க்க விட்டுப்போயிற்று. எனக்குக் காந்தாரத்தைக் கேட்கச் சொல்லிக்கொடுத்தவர் மஞ்சக்குப்பத்தில் இருந்த என் பாட்டு டீச்சர். ஆறு ஆண்டு அவரிடம் போனேன். தியாகராஜரின் 'துளசி பில்வ' சொல்லிக்கொடுத்தபோது, ரிஷபத்தில் நான் சீக்கிரம் எழுந்து ஓடுவேன். "என்ன அவசரம், அடுப்பில் பால் வைத்திருக்கிறாயா?" என்பார். நான் இன்றும் அந்த இடத்தில் பாலை நினைத்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

ஜனவரி 23

இப்போது பெயர்ச் சிக்கல். காந்தாரம் என்று பெயரில் இருந்தால் காந்தார சுரம் தலைமை தாங்க வேண்டும் என்பது கேட்டவரின் கணக்கு. எனக்கும் ஒரு காலத்தில் அந்தக் கணக்கு பிடித்திருந்தது. ஆனால் பண் வரிசையைப் பாருங்கள். காந்தாரம் என்றே ஒரு பண், பியந்தைக் காந்தாரம் என்று ஒன்று, காந்தார பஞ்சமம் என்று ஒன்று. 13-ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரத்திலும் காந்தார பஞ்சமம் என்ற பெயர் 'கிராம ராகம்' என்ற பழைய ராக வகையில் ஒன்றுக்கு இருக்கிறது. அப்படியானால் இது பழைய இசை உலகம் முழுவதும் சுற்றிவந்த ஒரு பெயர். அந்தப் பெயரைப் பிட்டுப் பார்த்து இன்றைய ஆரோகணத்தோடு ஒட்டினால் ஒட்டாது. பெயரை வைத்தவர்கள் நம்முடைய ஏணிப் படத்தைப் பார்த்து வைக்கவில்லை.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். கடல் இருப்பதால் கடலூர் என்று வெளியூர்க்காரர் நினைக்கிறார். கூடலூர்தான் கடலூர் ஆயிற்று என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள், ஆறுகள் கூடும் இடம். கடலும் இருக்கிறது, அது வேறு விஷயம்.

இந்தப் பண்ணில் நிறையப் பதிகங்கள் உண்டு. சம்பந்தரின் மூன்றாம் திருமுறை தொடங்குவதே இதில்தான், தில்லைப் பதிகம், 'ஆடினாய் நறுநெய்யொடு'. நமச்சிவாயப் பதிகம் அப்பருடையது. சம்பந்தர் பாடிய இரண்டு பஞ்சாட்சரப் பதிகங்களும் இதே பண். ஐந்தெழுத்துக்கும் இந்தப் பண்ணுக்கும் ஏதோ உறவு இருக்க வேண்டும் என்று எனக்குப் பல நாளாக ஓர் எண்ணம்.

ஜனவரி 24

விருத்தாசலத்து நண்பர் காதைத் திருகிவிட்டார். 'துஞ்சலும் துஞ்சல் இலாத' காந்தார பஞ்சமம், சரி. 'காதலாகிக் கசிந்து' கௌசிகம் என்ற வேறு பண், ஓதுவார்கள் பைரவியில் பாடுவது. நான் எத்தனை முறை பைரவியில் கேட்டிருக்கிறேன்! கையால் எழுதும்போது காதைக் கேட்கவில்லை. ஐந்தெழுத்து உறவு என்ற என் பெரிய கண்டுபிடிப்பு ஒரு நாள் உயிரோடு இருந்தது.

ஜனவரி 24, இரவு

புதுவையிலிருந்து வயலின் வாசிக்கும் அம்மையார் ஒருவர், "நாராயணகௌளையை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்கிறார். பயத்தால் விட்டேன், அம்மா. இரட்டையரைப் பிரிக்கவே எனக்கு இருபது ஆண்டு ஆயிற்று. மூன்றாவது பிள்ளையைக் கூட்டி வராதீர்கள்.

பிப்ரவரி 2

விருத்தாசலத்து நண்பர் ஒன்றை நினைவூட்டியிருக்கிறார், நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது.

தேவாரத்துக்குப் பண் எப்படி வந்தது என்று திருமுறை கண்ட புராணம் ஒரு கதை சொல்கிறது. தில்லையில் செல்லரித்துக் கிடந்த ஏடுகளை மீட்டாயிற்று, பாட்டு கிடைத்தது, பாடும் முறை கிடைக்கவில்லை. ராஜராஜன் காலம் (985–1014) என்று வழக்கில் சொல்கிறோம். எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்து, அவரைக்கொண்டு பண் அமைத்தார்கள். அந்த எருக்கத்தம்புலியூர்தான் இன்றைய இராஜேந்திரப்பட்டினம். விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகும் பஸ்ஸில் டிக்கெட் கேட்டால் கொடுப்பார்கள். நம் மாவட்டம். அந்தப் பெண்ணுக்குக் கதையில் பெயர் இல்லை. அரசன் பெயர் இருக்கிறது, நம்பியாண்டார் நம்பி பெயர் இருக்கிறது, பாடிக் காட்டியவர் பெயர் மட்டும் இல்லை.

இது நம் விவாதத்துக்கு எப்படி உதவுகிறது என்றால், அப்பர் பாடிய அதே மெட்டு என்று சாதிக்கிறவர் (ஜனவரி 19 இரவு நான்) இந்தக் கதையையும் சேர்த்துத்தான் நம்ப வேண்டும். மரபே ஒத்துக்கொள்கிறது: நடுவில் அறுந்தது, ஒருவர் நினைவிலிருந்து எடுத்துக் கட்டியது. அதற்குப் பிறகும் பண்ணுக்கு எந்த ராகம் என்று பேசிப் பேசித்தான் வந்திருக்கிறார்கள். 1943-இல் தொடங்கிய சென்னைத் தமிழ் இசைச் சங்கத்தில் இதற்காகவே பண் ஆராய்ச்சிக் கூட்டங்கள் நடந்தன. எல்லாப் பண்ணுக்கும் ஒரே பதில் கிடைத்துவிடவும் இல்லை.

கேட்டவர் சொன்ன 'எவரோ சேர்த்தது' என்பதில் பாதி உண்மை இருக்கிறது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். 'தவறாக' என்ற சொல்லைத்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

இன்று மாலை திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீசுவரர் கோயிலுக்கே போய்விட்டேன். எத்தனை நாள் இப்படி எழுதிக்கொண்டே இருப்பது. ஓதுவார் இளைஞர், முப்பது வயதுக்குள் இருக்கும். சுருதிப் பெட்டியைத் தட்டிவிட்டு முதலில் தாளம் இல்லாமல், சுத்தாங்கமாக ஒரு பாட்டு. பிறகு தாளத்தோடு பண்ணாங்கமாகப் பதிகம்.

சொற்றுணை வேதியன் சோதி வானவன்
பொற்றுணைத் திருந்தடி பொருந்தக் கைதொழக்
கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும்
நற்றுணை யாவது நமச்சி வாயவே.

நான் தூணோரம் நின்று விரலை மடக்கிக்கொண்டு கேட்டேன். கடைசி அடியில் 'நமச்சிவாயவே' இறங்கும்போது காந்தாரம் தெளிவாக வந்தது, ரிஷபத்தில் நின்றது. கேதாரகௌளை, சந்தேகம் இல்லை. ஆனால் இரண்டாவது அடியில் 'திருந்தடி' என்ற இடத்தில், ப ம ரி என்று ஒரு சறுக்கல். காந்தாரம் அங்கே இல்லை, அல்லது மத்தியமத்துக்குள் மறைந்துவிட்டது. அந்த அரை நொடி சுரட்டிதான். கேட்டவரே, உங்கள் காதில் கோளாறு இல்லை. நீங்கள் இரண்டாவது அடியைக் கேட்டீர்கள், பக்கத்தில் நின்றவர் நான்காவது அடியைக் கேட்டார்.

பூசை முடிந்ததும் ஓதுவாரிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். "ஐயா, திருந்தடியில் காந்தாரம் போடுவதில்லையா?" என்றேன். அவர் சிரித்தார். "எங்கள் ஆசிரியர் சுரம் சொல்லிப் பாடம் எடுக்கவில்லை, ஐயா. அவர் ஓர் அடி பாடுவார், நாங்கள் திருப்பிப் பாடுவோம். அவர் தலையாட்டினால் அடுத்த அடி" என்றார். அந்த இடத்தை மட்டும் மறுபடி பாடச் சொன்னேன். பாடினார். இந்த முறை காந்தாரம் இருந்தது! மூன்றாம் முறை கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. என் கேள்வி அவர் பாட்டை மாற்றிவிட்டதோ என்று திரும்பி வரும் வழியெல்லாம் கவலை.

பிப்ரவரி 12

கவலை இன்றும் போகவில்லை. சுரம் தெரிந்த ஆள் போய்க் கேட்டால் ஓதுவார்கள் தங்கள் பாட்டைத் திருத்திக்கொள்வார்கள் என்றால், நாம் பதிவு செய்து வைத்திருக்கிற காந்தார பஞ்சமம் எவ்வளவு தூரம் பழையது, எவ்வளவு தூரம் என்னைப் போன்ற விரல் மடக்கிகளுக்காகத் திருத்தப்பட்டது? அடுத்த முறை தூணுக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

பிப்ரவரி 14

ஒருவர், "கேதாரகௌளை ஒரு ஜன்ய ராகம்தானே, ஹரிகாம்போதியின் குழந்தை. அதற்கு இத்தனை கொண்டாட்டமா?" என்று எழுதியிருக்கிறார்.

குழந்தை என்பது ஒரு புத்தகக் கணக்கு. 28-ஆவது மேளத்துக்கு இன்று ஹரிகாம்போதி என்று பெயர். முத்துசாமி தீட்சிதர் மரபில் அதே 28-க்குத் தலைமை ஹரிகேதாரகௌளை. 1904-இல் எட்டயபுரத்தில் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியில் அப்படித்தான் பார்ப்பீர்கள். ஒரு வீட்டில் அது தாத்தா, அடுத்த வீட்டில் அது பேரன். பாடும்போது ராகத்துக்குத் தன் வயது தெரியாது.

பிப்ரவரி 24, மாசி மகம்

தேவனாம்பட்டினம் கடற்கரையில் தீர்த்தவாரி. கூட்டத்துக்கு நடுவே ஒரு நாகஸ்வரம் கேதாரகௌளை தொடங்கியது போல இருந்தது. உறுதி செய்துகொள்வதற்குள் ஐஸ் வண்டி மணி, போலீஸ் ஒலிபெருக்கி, காணாமல் போன குழந்தை பற்றிய அறிவிப்பு. குழந்தை கிடைத்துவிட்டது. ராகம் கிடைக்கவில்லை.

மார்ச் 3

கடற்கரையில் நின்றபோது தோன்றியதை அன்றே எழுதியிருக்க வேண்டும். அப்பர் கரையேறிய இடம் என்று நாம் கொண்டாடும் கரையேறவிட்டகுப்பம் இன்று கடலோரத்தில் இல்லை, வண்டிப்பாளையத்துப் பக்கம், ஊருக்குள். சித்திரை அனுஷத்தில் அங்கே விழா. சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கடல் எங்கே என்று கேட்டேன். "அது போய்விட்டது" என்றார் அப்பா, பஸ் போய்விட்டது என்பது போல.

இன்னொரு திருத்தமும் இங்கேயே. கடலில் பாடியது நமச்சிவாயப் பதிகம். கரையேறித் திருப்பாதிரிப்புலியூர்க் கோயிலில் பாடியது 'ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய்'. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு ஒருவர் எழுதியிருந்தார். இரண்டாவதாகச் சொன்னது திருவிருத்தம் என்ற வகை, அதைக் காந்தார பஞ்சமத்தோடு சேர்க்க வேண்டாம்.

மார்ச் 3, இரவு 10.40 (சட்டத்தை மீறி)

பாட்டு டீச்சர் பாடிய கேதாரகௌளை ஒன்று என்னிடம் ஒலிநாடாவில் இருந்தது. வகுப்பு நேரத்தில் எடுத்தது. பின்னால் குக்கர் சத்தம் வரும், என் இருமல் வரும். 2011 டிசம்பர் 30 விடியற்காலை 'தானே' புயல் கரையைக் கடந்தபோது எங்கள் வீட்டு மேல் அறையின் ஓடு பறந்தது. பெட்டி முழுதும் தண்ணீர். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்துகிடந்தபோது ஒலிநாடாவைப் பற்றிப் பேச வெட்கமாக இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. மின்சாரம் வராத இரவுகளில் அவர் பாடியதை நினைவில் ஓட்டிப் பார்ப்பேன். முதல் சில நாள் குக்கர் சத்தத்தோடு வந்தது. பிறகு குக்கர் போயிற்று.

இப்போது என்னிடம் இருப்பது அவர் பாடியதா, நான் பாடிப் பாடி மாற்றிக்கொண்டதா என்று எனக்கே தெரியாது. ரிஷபத்தில் நிற்கும் இடம் மட்டும் அவருடையது என்று நினைக்கிறேன். பால் பொங்கவில்லை.

மார்ச் 9

புதுவை அம்மையார், டீச்சரிடம் படித்த வேறு மாணவர்கள் இருப்பார்களே, கேட்டுப் பார்க்கலாமே என்கிறார். ஒருவர் இருக்கிறார், நெல்லிக்குப்பத்தில். பேசினேன். தொலைபேசியிலேயே பாடினார். ரிஷபம் அப்படியே. காந்தாரம் வேறு மாதிரி. அவர் பாடுவதுதான் சரி என்று அவர் சொன்னார், நான் பாடுவதுதான் சரி என்று நான் சொன்னேன். நாற்பது நிமிடம்.

மார்ச் 13

நேற்று கடைக்கு ஒருவர் வந்தார். இருமல் மருந்து கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். பில் போடும்போது, "மருந்துக்கடை, திருப்பாதிரிப்புலியூர், ராத்திரி பத்தரைக்கு மேல் எழுதுகிறவர் நீங்கள்தானே?" என்றார். கேள்வி கேட்டவர் அவர்தான்! என்னைவிட இளையவர், கணக்கு வாத்தியார். அதுதான் பெயரைக் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறார்.

கல்லாவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். நான் ப ம க ரி என்று முனகினேன். அவர் ம க ப ம ரி என்று திருப்பினார், தொண்டை கட்டியிருந்தாலும் சுருதி நன்றாக இருந்தது. பின்னால் சர்க்கரை மாத்திரைக்கு நின்றிருந்த பெரியவர் சீட்டை நீட்டிக்கொண்டே, "தம்பி, இரண்டும் ஒன்றுதானே?" என்றார். இருவரும் சேர்ந்து "இல்லை" என்றோம்.

அவர் இன்னும் இரண்டாவது அடியை விடவில்லை. வருகிற சனிக்கிழமை மாலை இருவரும் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. நான் தூணுக்குப் பின்னால், அவர் கொடிமரத்தருகே. ஓதுவாரிடம் எதுவும் கேட்கப்போவதில்லை.

வாத்தியாரே, அவசரத்தில் மீதி நான்கு ரூபாய் தர மறந்துவிட்டேன். சனிக்கிழமை வாங்கிக்கொள்ளுங்கள்.